முப்பத்தொன்றாவது கிலோமீட்டர்

முதலில் யாருடைய ஓட்டக் கணக்கைத் திறப்பார், என்னுடையதையா கனியுடையதையா என்பதுதான் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. கோச் ரெக்சன் மடிக்கணினி உயிர் பெறட்டும் என்று மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். கல்லூரி மைதானத்துக் கேலரிக்கு அடியில் இருக்கிற அறை. கோடு போடுகிற சுண்ணாம்புத்தூள் மூட்டை ஒரு மூலையில் சாய்ந்திருக்கிறது, காற்றுப்போன பந்துகள் வலைப்பையில் தொங்குகின்றன, வெளியே யாரோ பாஸ்கெட்பால் தட்டுகிற சத்தம், தட், தட், தட், ஒரு இடைவெளி, மறுபடி தட். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணி. போன ஞாயிறு இந்நேரம்தான் கனி மாரத்தானை ஓடி முடித்தாள். நான் அப்போது உப்பளத்து ரோட்டில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். எங்கே நேரம் போயிற்று, எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று அலசி, ஜனவரியில் சென்னையில் ஓடப்போகிற ஓட்டத்துக்குத் திட்டம் போடலாம், ரெண்டு பேரும் வாட்சைக் கொண்டுகிட்டு வாங்க என்று கோச் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார். செவ்வாயிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே, கஞ்சிதான். ஏழு நாளாகக் கனி எனக்குக் கஞ்சிதான் தருகிறாள், வயிறு கெட்டிருக்கிறது என்று. நான்தான் சொன்னேன் அப்படி. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், முகமெல்லாம் உப்புப் பூத்து, மெடலைக் கழுத்தில் போடாமல் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் ஓடி வந்து, "எங்க போனிய? எங்கதான் போனிய நீங்க?" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது: "வயிறு சரியில்ல, ஒதுங்கினேன்." அன்று மத்தியானத்திலிருந்து பயற்றங்கஞ்சி, மாதுளம்பழத் தோல் கஷாயம், சீரகம் போட்ட மோர். கஷாயத்தை அவள் முன்னாலேயே குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன், ஐம்பத்தோரு வயசில். கோச்சுக்கு என்று கனி வாங்கி வந்த மக்ரூன் டப்பா மேசைமேல் திறந்திருக்கிறது. இப்போது சும்மா கை நீட்டினேன், "உங்களுக்கு வேண்டாம், வயித்துக்கு ஆகாது" என்று டப்பாவை அந்தப் பக்கம் நகர்த்துகிறாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். கை என்னுடையது மாதிரியே இல்லை.

"அக்காவுதை மொதல்ல பாப்பம் அண்ணாச்சி," என்கிறார் கோச். சரி என்கிறேன். சரி என்று சொன்ன வேகத்தில் ஏதாவது தெரிந்திருக்குமோ. ரெக்சனுக்கு முப்பத்திரண்டு வயது, இந்தக் கல்லூரியில் உடற்கல்வி விரிவுரையாளர், எங்களை மாதிரி வயசானவர்கள் பத்துப் பதினைந்து பேருக்குக் காலையில் சொல்லிக்கொடுக்கிறார், யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. திரையைத் திருப்பி எங்களுக்குத் தெரிகிற மாதிரி வைக்கிறார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வரி. முப்பத்தொண்ணு நாப்பத்தஞ்சு. முப்பத்தொண்ணு அம்பது. முப்பத்தொண்ணு நாப்பது. "பாருங்க அக்கா, இருபதாவது கிலோமீட்டர் வரைக்கும் பத்து செகண்டுக்கு மேல ஏறல, எறங்கல. இப்படி ஓட எவ்வளவோ பேருக்கு வருசக்கணக்காகும்." கனி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிக்கிறாள். "அவங்கதான் மெதுவா ஆரம்பி, மெதுவா ஆரம்பின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்று என்னைக் காட்டுகிறாள். ஆமாம், நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் ஓட ஆரம்பித்து ஒன்பது வருடம். துறைமுக அலுவலகத்தில் என்னை மாரத்தான் லிங்கதுரை என்றுதான் கூப்பிடுவார்கள், பதினான்கு மெடல் வரவேற்பறையில் ஆணியடித்துத் தொங்குகிறது. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிட்ட கனியை நடக்கக் கூட்டிக்கொண்டு வந்தவனும் நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால். பழைய கான்வாஸ் ஷூவில் அவள் இந்த மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு, படியில் உட்கார்ந்து, "போதும்ங்க, நாளைக்கு ரெண்டு சுத்து" என்றாள். மறுநாள் ரெண்டு சுற்று. எனக்கு அது பெருமையாக இருந்தது. மூச்சை மூக்கால் இழு, தோளை இறக்கு, முஷ்டியை மூடாதே என்று பக்கத்தில் ஓடிக்கொண்டே சொல்லுவேன், எதிரே வருகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. யார் கேட்டாலும் நம்ம ட்ரெயினிங்தான் என்பேன். அவளும் அப்படித்தான் சொல்லுவாள். போன ஜூனில் ஒருநாள், இருபத்தைந்து கிலோமீட்டர் பயிற்சியில், கடைசி ஐந்தில் என் பக்கத்தில் வந்த அவளுடைய மூச்சைக் கேட்டேன். எனக்கு நுரை தள்ளிக்கொண்டிருந்தது, அவள் வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைத்து, தொப் தப், தொப் தப் என்று வந்தாள், மூச்சு வீட்டுக்குள் நடமாடுகிறவள் மூச்சு மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் சொல்ல ஆரம்பித்தேன். வேகம் வேண்டாம் கனி, உடம்பு தாங்காது. மெதுவா ஆரம்பி கனி, பின்னால வா. அது அவளுக்கு மிகச் சரியான ஆலோசனையாகப் போய்விட்டது, திரையில் வரி வரியாக நிற்கிறது.

"இங்கதான் அக்கா," என்று கோச்சின் விரல் ஒரு வரியில் நிற்கிறது. எனக்குத் தெரியும் எந்த வரி என்று. முப்பதிலிருந்து முப்பத்தைந்து, முப்பத்தாறு நிமிடம் ஐம்பது வினாடி. "அஞ்சு நிமிசம் போயிருக்கு. என்ன ஆச்சு?" கனி மக்ரூன் டப்பாவை மூடுகிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பாஸ்கெட்பால் சத்தம் நின்றுவிட்டது, இப்போதுதானா நிற்க வேண்டும். "கால் பிடிச்சுக்கிட்டு கோச்," என்கிறாள். "நின்னு நின்னு வந்தேன். அப்புறம் வாழைப்பழம் தின்னேன், சரியாயிட்டு." பொய் சொல்லும்போது கனிக்குக் குரல் ஒரு படி மெல்லியதாகிவிடும். அவள் சொல்லுகிற பொய்யெல்லாம் யாருக்காவதுதான், அவளுக்காக ஒன்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. கோச் தலையை ஒருக்களித்துப் பார்க்கிறார். "நடுவுல தெம்பு உடைஞ்சவங்க அடுத்த அஞ்சை முப்பத்தொண்ணு அம்பத்தஞ்சுல ஓட மாட்டாங்களே அக்கா. கடைசி ரெண்டு கிலோமீட்டர்தான் இருக்கறதுலயே வேகம்." "என்னமோ ஓடிட்டேன்" என்கிறாள். என்னமோ ஓடிட்டேன். அவள் ஏன் ஓடினாள் என்று எனக்குத் தெரியும், முடிவுக் கோட்டில் நான் இருக்கிறேனா என்று பார்க்க ஓடியிருக்கிறாள். கோச் வரைபடத்தைத் திறந்து பெரிதாக்குகிறார், உப்பளத்துக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி போகிற ரோடு, அதன்மேல் சிவப்புக் கோடு, அது ஓரிடத்தில் மடங்கிப் பின்னால் வருகிறது, மறுபடி முன்னால் போகிறது. "கோடு திரும்பி வருது பாருங்க. வாட்ச் மொத்தத் தூரத்தையும் நாப்பத்திரெண்டு எழுநூறுன்னு காட்டுது. ஜிபிஎஸ் பிசகா இருக்கும். ஆனா அங்க மறைக்க ஒரு மரம்கூடக் கிடையாதே." மரம் கிடையாது. ஒரு தண்ணீர் லாரி இருந்தது. இருபத்தெட்டாவது கிலோமீட்டர் திருப்பத்தில் நான் திரும்பும்போது எதிர்ப்பக்கம் கனி வந்துகொண்டிருந்தாள், அறுநூறு மீட்டர்கூட இல்லை. கையைத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் முகத்தில் களைப்பே இல்லை, கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி ஒரு முகம். நாலேகால் மணி நேரத்தில் முடிப்பேன் என்று அலுவலகம் பூராவும் சொல்லிவைத்து, முதல் இருபதைப் பறந்து ஓடி, இப்போது தொடை இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனத்துப்போய் நான். அதற்கப்புறம் ஒவ்வொரு நிமிடமும் திரும்பிப் பார்த்தேன். கனியின் பச்சைப் பனியன். புள்ளியாக இருந்தது பனியன் ஆயிற்று, பனியன் ஆளாயிற்று. வெயில் ஏறி உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. முன்னால் என் அலுவலகத்து ஆட்கள் நான்கு பேர் முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் பந்தலில் நிற்கிறார்கள், கைதட்ட. என்னை உற்சாகப்படுத்த வந்தவர்கள். அவர்கள் முன்னால் அவள் என்னைத் தாண்டிப் போவாள். எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. ரோட்டோரத்தில் அந்த லாரி நின்றிருந்தது. அவள் தலை குனிந்த நேரம் பார்த்து அதன் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இப்போது என்னுடையதைத் திறக்கிறார். ஐந்தைந்தாக இறங்குகிற வரிகள், முப்பது, முப்பது, முப்பது, முப்பது, அப்புறம் முப்பத்துமூன்று, அப்புறம் சொல்லவே வேண்டாம். நடுவில் ஒன்பது நிமிடம் ஒரே இடத்தில் ஒரு புள்ளி. "வயிறுன்னு அக்கா சொன்னாங்க" என்கிறார். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். "இதயத் துடிப்பு நல்லா எறங்கியிருக்கு, நூத்தி எழுவதுல இருந்து நூத்திப் பத்து. வயித்து வலின்னா இப்படி எறங்காது, பரவால்ல, நல்ல ஓய்வுதான் எடுத்திருக்கீங்க." அவர் கிண்டல் செய்யவில்லை, அவருக்குக் கிண்டல் வராது. ஆனாலும் நல்ல ஓய்வு என்ற சொல் எனக்குள் எங்கேயோ போய்க் குத்தி நிற்கிறது. நல்ல ஓய்வு. லாரியின் பின் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டி என் ஷூவுக்குப் பக்கத்தில் மண் குழைந்திருந்தது. நிழல் குளிர்ச்சியாக இருந்தது, டீசல் வாடை, அந்தக் குளிர்ச்சியை உடம்பு விரும்பியது, அதை நான் இந்த ஏழு நாளும் நினைத்து நினைத்துக் கூசுகிறேன். அங்கே நான் தவிக்கவில்லை, சுகமாக நின்றேன். அவள் போகட்டும், அப்புறம் மெல்ல வெளியே வருவோம், வயிறு என்று சொல்லிக்கொள்வோம் என்று எல்லாம் அந்த நிழலில்தான் ஓடியது. தாண்டியதை யாரும் பார்க்கவில்லை என்றால் தாண்டியதாகவே ஆகாது என்று நினைத்தேன் போலிருக்கிறது. "ரெண்டு பேரோடதையும் ஒரே மேப்புல போட்டுப் பாப்பமா?" என்று கோச் கேட்கிறார். ஒரே வரைபடத்தில் போட்டால் என் புள்ளியும் அவளுடைய மடங்கின கோடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், லாரியின் அகலம்தான் நடுவில். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம், கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். மரியாதை. இப்போதும் அதைத்தான் தேடுகிறேன். கோச் எதையோ அழுத்துகிறார், திரை சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, "இந்த நெட்டு வேற" என்று முணுமுணுத்து அதை மூடிவிடுகிறார். "விடுங்க, அது தேவையில்ல. எனக்கு விசயம் புரிஞ்சுட்டு." தப்பித்தேன். கனி என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "வயிறு வலிக்கா?" என்கிறாள்.

கோச் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதிக்கொண்டே பேசுகிறார். அண்ணாச்சிக்குச் சாப்பாட்டை மாற்ற வேண்டும், முந்தின நாள் பால் வேண்டாம், ஆரம்ப வேகத்தைக் குறைக்க வேண்டும், மற்றபடி அனுபவம் இருக்கிறது, ஜனவரி முழு மாரத்தானுக்கு என் பெயரைக் கொடுக்கலாம். "அக்கா விசயத்துலதான் யோசிக்குதேன்." பேனாவை மூடி வைக்கிறார். "முப்பதைத் தாண்டினதும் ஒங்க உடம்புல சக்கரை கீழ எறங்கிருது. அதான் கால் பிடிச்சிருக்கு. அடுத்த தடவை சரியாயிடும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆபரேசன் ஆன உடம்பு. ஜனவரியில பாதி மாரத்தான் ஓடுங்க, இருபத்தோரு கிலோமீட்டர். முழுசை அடுத்த வருசம் பாப்பம்." கனிக்கு நாற்பத்தேழு வயது. அவள் சென்னை ஓட்டத்தைப் பற்றி ஆகஸ்டிலிருந்து பேசுகிறாள். அந்த ஊரில் கடற்கரை ரோட்டை முழுசாக அடைத்துவிடுவார்களாமே, ரெண்டு பக்கமும் ஆள் நின்று தட்டுவார்களாமே என்று தோசை வார்த்துக்கொண்டே கேட்பாள். இப்போது கையிலிருக்கிற வாட்சைப் பார்த்தபடி, "சரி கோச்," என்கிறாள். "நீங்க சொன்னாச் சரிதான்." ஒரு வாதம் இல்லை. எனக்கு வாதம் தெரியும், ஆதாரம் திரையிலேயே இருக்கிறது, முப்பத்தொண்ணு அம்பத்தஞ்சு, அது உடைந்த ஆளின் நேரமா என்று கேட்டாலே போதும், ஆனால் கேட்டால் ஐந்து நிமிடம் எங்கே போயிற்று என்ற கேள்வி மறுபடி வரும், அவள் அந்தக் கேள்வி வரவேண்டாம் என்று பாதி மாரத்தானுக்குத் தலையாட்டுகிறாள். நான் ரோட்டோரத்தில் எங்கேயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன் என்று நினைத்துக்கொண்டு, அது நாலு பேருக்குத் தெரிந்தால் எனக்குக் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டு. அவள் லாரியைத் தாண்டிப் போன சத்தத்தைக் கேட்டேன், தொப் தப், தொப் தப். நூறு மீட்டர், இருநூறு மீட்டர் போயிருப்பாள். அப்புறம் அந்தச் சத்தம் நின்றது. நேர் ரோடு, ஒரு கிலோமீட்டருக்குக் கண்ணுக்கு எட்டும், முன்னால் போய்க்கொண்டிருந்த என் ஆரஞ்சுத் தொப்பியைக் காணோம். சத்தம் திரும்பி வந்தது. "ஏங்க!" என்று கூப்பிட்டாள். "ஏங்க! ஏங்க!" லாரிக்காரர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து டிபன் டப்பாவிலிருந்து இட்லி தின்றுகொண்டிருந்தார், என்னைவிட மூத்தவர், என்னை ஏறிட்டுப் பார்த்து, "ஒங்களத்தானே கூப்பிடுதாவ?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். ஏங்க என்பது யார் பெயரும் இல்லை, யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் நம்பவில்லை, இட்லியை மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், எங்கள் கல்யாணமாகி இருபத்துநான்கு வருடத்தில் ரேஷன் கார்டு ஆபீஸில்கூட என் பெயரைச் சொல்லாமல் எழுதிக் காட்டுகிறவள், ரோட்டில் நின்று, தொண்டை கிழிய, "லிங்கதுரை!" என்று கூப்பிட்டாள். என் பெயர் உப்பளத்தின் மேல் போய்க்கொண்டே இருந்தது. அதைக் கேட்டு உடம்பெல்லாம் எனக்கு ஒருமுறை தூக்கிப்போட்டது, கால் ஒரு எட்டு முன்னால்கூட வந்தது. லாரிக்காரர், "லிங்கதுரைங்கது யாரு?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். அவர் எழுந்து கையை உதறிக்கொண்டு முன்பக்கம் போய், "அப்படி யாரும் இங்க இல்ல தாயி, நீங்க ஓடுங்க" என்று சொன்னது கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தவர் அதற்கப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை.

"அப்ப அக்காவுக்குப் பாதி, அண்ணாச்சிக்கு முழுசு," என்று கோச் தாளில் கோடு கிழிக்கிறார். அந்தக் கோட்டுச் சத்தம்தான் என்னைப் பேச வைக்கிறது. "அடிச்சிருங்க கோச், அதை அடிச்சிருங்க" என்கிறேன். குரல் சாதாரணமாகத்தான் வருகிறது, அதுவே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. "அவளுக்குச் சக்கரையும் எறங்கல, காலும் பிடிக்கல. என்னைத் தேடித் திரும்பி ஓடினா. அந்தக் கோடு பிசகு இல்ல. அந்த அஞ்சு நிமிசமும் என்னாலதான்." கோச் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். "நீங்க வயிறு சரியில்லாம ஒதுங்கிப் போயிருந்தீங்க, அதுல ஒங்க தப்பு என்ன இருக்கு அண்ணாச்சி." இதோ, இன்னொரு கதவு. மனிதர்கள் எத்தனை கதவைத்தான் திறந்து வைக்கிறார்கள். "வயித்துக்கு ஒண்ணுமில்ல. தண்ணி லாரிக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னேன். இவ என்னைத் தாண்டப்போறான்னு தெரிஞ்சுது. அதை யாரும் பாக்கக்கூடாதுன்னு ஒளிஞ்சேன்." சொன்னதும் லேசாகிவிடும் என்று எங்கேயோ நம்பியிருந்தேன், அப்படி எதுவும் ஆகவில்லை. சொன்னது இப்போது அறையில் இருக்கிறது, சுண்ணாம்பு மூட்டைக்கும் பந்துகளுக்கும் நடுவில், எல்லாரும் பார்க்கிற மாதிரி. கனி வாட்சின் வாரைக் கழற்றுகிறாள், என்னுடைய பழைய வாட்ச், இரண்டு துளைக்கு மேல் அவள் மணிக்கட்டுக்கு நான் கம்பி சுட்டுப் போட்ட துளை. "நான் கூப்பிட்டது கேட்டுச்சா?" என்கிறாள், வாட்சிடம் கேட்கிற மாதிரி. "கேட்டுச்சு." "எல்லாமா?" "எல்லாம்." வாரை விரலில் சுற்றிக்கொண்டே, "பேரு சொன்னது?" "அதுவும் கேட்டுச்சு." "அந்த லாரிக்காரர் யாருமில்லன்னு சொன்னாரே." "என்கிட்டதான் கேட்டாரு. யாருன்னு தெரியாதுன்னேன்." கோச் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கிறார், மைதானத்தில் பார்க்க எதுவுமில்லை. கனி இப்போது என்னைப் பார்க்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன், அழுதிருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். "வெயில்ல கண்ணு கட்டி உப்புப் பாத்திக்குள்ள விழுந்துட்டியளோன்னு ரெண்டு பக்கமும் எறங்கிப் பாத்தேன்" என்கிறாள். "அந்தத் தண்ணி சிவப்பா இருக்குல்லா. அதைப் பாத்ததும் எனக்குக் கையி காலு ஓடல." உப்பளத்து நீர் அந்த மாதத்தில் செம்மண் கரைத்த மாதிரிதான் இருக்கும். அவள் பாத்திக்குள் இறங்கியது எனக்குத் தெரியாது. சத்தம் நின்றிருந்த அந்தக் கொஞ்ச நேரம் அதுதான். நான் குளிர்ச்சியாக நின்றுகொண்டிருந்த நேரம். மன்னிச்சுக்கோ என்ற சொல் தொண்டைக்கு வந்து, அதை இந்த அறையில், கோச்சுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் அதுவும் எனக்காகத்தான் என்று தோன்றி, அங்கேயே நிற்கிறது.

"கோச்," என்று கனி கூப்பிடுகிறாள், குரல் மெல்லியதாக இல்லை. "இப்ப என்னுதைத் திருப்பிப் போடுங்க." ரெக்சன் வந்து உட்கார்ந்து, கணக்குப் பார்ப்பதில் ஒளிந்துகொள்கிறார், பாவம். "அந்த அஞ்சு நிமிசத்தை எடுத்துட்டா நாலு மணி இருபத்தேழு நிமிசம் அக்கா. அப்படின்னா…" நிறுத்திக்கொள்கிறார். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றாவது வந்த நாகர்கோவில் டீச்சர் நாலு மணி முப்பத்தொரு நிமிடம். "மூணாவது எடம் எனக்கு. தெரியும்," என்கிறாள் கனி. "அன்னைக்கு அவங்க மேடையில ஏறினப்பவே கணக்குப் போட்டுட்டேன்." அன்றைக்கு அவள் பலமாகக் கைதட்டியது நினைவிருக்கிறது, என்னையும் தட்டச் சொன்னாள், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஜனவரியில முழுசுதான் ஓடுதேன். எத்தனை மணின்னு நீங்க சொல்லுங்க, அதுக்கு ஓடுதேன். காலையில ஒங்க வேகமான செட்டோட என்னைச் சேத்துக்கோங்க, இவங்க செட்டு வேண்டாம்." கோச் தலையாட்டிக்கொண்டே மடிக்கணினியில் அடிக்கிறார். பிறகு அவள் என்னிடம் சொல்கிறாள், கோபம் எதுவும் குரலில் இல்லை, பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொல்கிறாள்: "இனிமே நீங்க இருக்கியளான்னு நான் பாக்க மாட்டேன். அங்க நீங்க கெடந்தாலும் சரி, ஒளிஞ்சாலும் சரி. நான் போயிருவேன்." "பாக்காத" என்கிறேன். அது உண்மையாகத்தான் வருகிறது, இன்றைக்கு நான் சொன்னவற்றில் யோசிக்காமல் வந்த உண்மை அது ஒன்றுதான். அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள், அவளுடைய தோளும் பின்னலும் மட்டும் எனக்குத் தெரிகின்றன. நாலு மணி இருபத்தைந்து நிமிடம் என்று கோச் சொல்ல, அவள் சரி என்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் வேக ஓட்டம், சரி. ஞாயிறு முப்பது கிலோமீட்டர், சரி. முப்பதுக்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று கோச் சொல்ல ஆரம்பித்து, அதற்கு ஒன்றும் தேவையில்லை என்று அவரே விட்டுவிடுகிறார்.

"அண்ணாச்சிக்கு என்ன போட?" என்று கோச் கேட்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். ஒன்பது வருடமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில், நாலே கால். வாய் அதற்குத் தயாராக இருக்கிறது. "இவ தாண்டிப் போகும்போது நிக்காம ஓடணும்" என்கிறேன். கோச் விரல்களைத் தூக்கியபடி, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல் பார்க்கிறார். கனி திரும்பவில்லை. "அதையெல்லாம் அதுல எழுத முடியாது," என்கிறாள். "நேரத்தைச் சொல்லுங்க." சரிதான், இதிலும் ஒரு அழகு வைத்துச் சொல்லப் பார்த்திருக்கிறேன். வெளியே மறுபடி பந்து தட்டுகிறார்கள். என் தொடை, என் மூச்சு, என் ஐம்பத்தோரு வயது, எல்லாவற்றையும் வைத்து, முதல் முறையாக யாருக்கும் காட்டுவதற்கில்லாமல் ஒரு கணக்குப் போடுகிறேன். "நாலு அம்பது," என்கிறேன். கோச் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடிக்கிறார். திரையில் இரண்டு வரி, சுயம்புகனி நாலு இருபத்தைந்து, அதற்குக் கீழே லிங்கதுரை நாலு ஐம்பது. நான் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.